சோலையம்மா ஓடை

அபிராமத்துக்குக் கிழக்கே ஒரு ஓடை உண்டு. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதில் தண்ணீர் வரும். இல்லாவிட்டால் ஆடு மேயும். உடைமரக் காட்டுக்குள் இப்படியும் அப்படியும் வளைந்து போய்க் குண்டாற்றில் விழும். அதனால் கோணக்கால் ஓடை என்று பெயர். அந்தக் கரையில் பிறந்த அருள்மேரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நினைப்பில்தான் 1958 ஐப்பசியில் பாம்பனிலிருந்து கிளம்பி வந்தவள், கோணக்கால் ஓடைக்கு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் முழித்தார்.

"அப்படி ஒண்ணு இந்த ரோட்டுல இல்லையே தாயி. சோலையம்மா ஓடையச் சொல்றியா?"

சோலையம்மாள் என்பது அவளுடைய பெயர். பத்து வருசத்துக்கு முன்னால், கருவாடு விற்க வந்த யாக்கோபுடன் ஒரு மழை ராத்திரியில் ஓடிப்போய், பாம்பன் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கும்வரை அவளுக்கு இருந்த பெயர். அதை இங்கே ஓடைக்கு வைத்திருக்கிறார்கள்.

பக்கத்துச் சீட்டுக்காரி, பின்னால் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், கேட்காமலே கதை சொன்னாள்.

"எங்க ஊரு வீரபத்திரன் மக அவ. கண்மாய்க்கரை ஒடையப் போன ராத்திரி, தன்னையே தண்ணிக்குக் குடுத்து ஊரக் காப்பாத்துனா. அவுக அய்யாவே கண்ணால பாத்துச் சொன்னாரு. புதுத்தண்ணி வந்தா அவளுக்குச் சேலையும் வளையலும் விடுவோம். பிள்ளை இல்லாதவுக தொட்டில் கட்டுனா, மறுவருசமே பலிக்கும். இன்னைக்குப் புதுத்தண்ணி வருது. நீயும் கும்பிட்டுப் போ."

மகள் ஓடிப்போனாள் என்று சொல்ல அய்யாவுக்கு நாக்கு எழவில்லை, மனுசன் தெய்வமாக்கிவிட்டார். அருள்மேரி வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். ஊரார் அவளிடம் பிள்ளைவரம் கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், அவள் வேளாங்கண்ணி மாதாவிடம் அழுதுகொண்டிருந்தாள். இப்போதுதான் ஏழு மாதம். மாமியாரும் இல்லாத வீடு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். செத்தவளுக்கு எந்த வீட்டில் பிரசவம் பார்ப்பார்கள்?

ஓடைக்கரையில் ஊரே கூடியிருந்தது. நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணி ஊர்ந்து வந்தது. தாம்பாளத்தோடு நின்ற வீரபத்திரன் அவளைப் பார்த்தார். தாம்பாளத்தில் இருந்த வளையல்கள் கலகலத்தன.

"யாரும்மா நீ? எந்த ஊரு?" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அய்யா என்று கூப்பிட வழியெல்லாம் மனசுக்குள் பழகி வந்திருந்தாள்.

"பாம்பன். பேரு அருள்மேரி."

அம்மா ராமலெட்சுமி பெண்கள் வரிசையில் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். அழுது அழுது கண் உள்ளே போயிருந்தது. அந்த முகத்தைக் கண்டதும் அருள்மேரிக்குப் புரிந்துவிட்டது: அய்யா அம்மாவிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை வருசமும் அந்த மகராசி, உயிரோடு இருக்கும் மகளுக்குத் திதி கொடுத்திருக்கிறாள்.

நெற்றிக்கு வந்த விரல் அந்தரத்தில் நின்றது. ராமலெட்சுமி மகளின் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். வீரபத்திரன் தலையைத் தொங்கப்போட்டார்.

அவர் கையிலிருந்த தாம்பாளத்தை அவள் வாங்கிக்கொண்டாள். ஓடைக்கு விட வேண்டிய வளையல்களை எடுத்து, ஒவ்வொன்றாக அருள்மேரியின் கையில் ஏற்றினாள்.

"ஓடைக்கு என்ன விடுறது?" என்று பூசாரி பதறினார்.

"ஓடைக்கு ஒண்ணும் கெடையாது. இது எம்மகளுக்கு."

ராமலெட்சுமி மேல் சோலையம்மாவே இறங்கி வந்து பேசுவதாக நினைத்து ஊர் குலவை போட்டது. சீட்டுக்காரி அருள்மேரியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

ராமலெட்சுமி குங்குமச் சிமிழைப் புருசன் காலடியில் வைத்துவிட்டு, மகளின் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"நட. பிரசவம் பாக்க நான் ஒங்கூட பாம்பனுக்கு வாரேன்."

பஸ் வரும்வரை அவள் ஓடைப் பக்கம் திரும்பவே இல்லை.