கிராணியின் புத்தகத்தில் பிறந்தவன்

அரசாங்கம் என்றால் என்ன என்று இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். முடியாட்சி, குடியரசு, கூட்டரசு, சட்டத்துக்கு உட்பட்ட மன்னர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குள் கால் வைக்கவே எனக்குப் பயம். தம்பியால் வந்த பயம் அது.

நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் ஆட்சி நடந்தது. பெரிய துரைதான் மன்னர். தீபாவளிக்கு ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தால் உண்டு. நிஜமாக ஆண்டது ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதான். எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு, யாருக்கு எத்தனை நாள் லீவு, யாரை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். பிள்ளை பிறந்தால் தகப்பன் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் அவரிடம் சொல்வார். அவர் ஒரு தடித்த புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அதற்கு மேலும் ஓர் அரசாங்கம் இருக்கிறது, அங்கேயும் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்கள் அப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

நான் தப்பித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. வயிற்றில் தலை மேலும் கால் கீழுமாகக் கிடந்ததால் அம்மாவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறப்புப் பத்திரம் அங்கேயே கைக்கு வந்துவிட்டது. ஏழு வருஷம் கழித்துத் தம்பி லயத்து வீட்டில் எந்தச் சிரமமும் கொடுக்காமல் பிறந்தான். சமத்தாகப் பிறந்ததுதான் அவன் செய்த குற்றம்.

தம்பிக்குப் பன்னிரண்டு வயதில் ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுக்கப் போனபோதுதான், அவன் பிறப்பு அரசாங்கத்தில் பதிவாகவே இல்லை என்ற விஷயம் வெளியே வந்தது. அதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஆபீஸ் இருந்த இடத்தில் மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கிராணியும் இல்லை, புத்தகமும் இல்லை. "சும்மா இருங்க, கேட்டா பிடிச்சிருவாங்க" என்றார் அப்பா. அப்படியே சும்மா இருந்தோம். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி ஜெலாப்பாங்கில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை செய்கிறான். முப்பது வயதாகியும் ஊர் எல்லையில் இருக்கும் சிம்பாங் பூலாய் தாண்டிப் போனதில்லை.

போன வருஷம் என் பிடிவாதத்தால் ஒருநாள் கேமரன் மலைக்குக் கிளம்பினோம். சிம்பாங் பூலாயிலேயே போலீஸ் தடுப்பு. என் ஐ.சி.யை நீட்டினேன். போலீஸ்காரர் அதைத் திருப்பித் தந்துவிட்டு அவனைப் பார்த்தார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்த எரிச்சலில், போ என்று கையைக் காட்டிவிட்டார். அதோடு வண்டியைத் திருப்பினேன். அவன் சட்டை முதுகோடு நனைந்திருந்தது.

இனி இப்படி வாழ முடியாது, நேராகப் போய்ச் சொல்லிவிடுவோம் என்று நான்தான் அவனைப் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துப்போனேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி நல்லவள். பிறப்புக்குச் சாட்சி யார் என்று கேட்டாள். நான் என்றேன். கண்ணால் பார்த்தீர்களா? வாசலில் உட்கார்ந்து அழுகைச் சத்தத்தை மட்டும் கேட்டவள் நான். பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மாணவர்களுக்குச் சட்டத்தை மதிக்கச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்! விண்ணப்பப் பாரத்தில் அவன் பெயர், படம், பத்து விரல் ரேகை, வீட்டு முகவரி எல்லாம் ஏறின. கடிதம் வரும், காத்திருங்கள் என்றாள்.

காரில் ஏறியதும் அவன் சொன்னான்: "நேத்து வரைக்கும் என்னை யாருக்கும் தெரியாது அக்கா. இப்ப என் வீடு எங்கன்னு தெரியும்லா. பேப்பர் இல்லாத ஆளுன்னும் தெரியும்."

அதுவரை எனக்கு இது உறைக்கவில்லை என்று சொன்னால் பொய். பாரம் நிரப்பும்போதே உறைத்துவிட்டது. அரசாங்கம் என்றால் கொடுப்பது என்றுதான் வகுப்பில் சொல்கிறேன். பிடித்துக்கொண்டு போவதும் அதே கைதான். எழுதிக்கொண்டிருந்த பேனா முகவரிக் கட்டத்தில் நின்றுவிட்டது.

"உன் வீட்டை எழுதலடா. சிலிபின்ல இருக்கிற என் வீட்டைத்தான் எழுதினேன்."

"ஏன்கா?"

"வந்தா எங்கிட்ட வரட்டும்."

அவன் பட்டறை வாசலில் இறங்கிக்கொண்டு, கதவைக்கூடச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டான். கோபம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். தெருவில் எந்த வண்டி வேகம் குறைந்தாலும் திரும்பிப் பார்த்தேன். கேட் ஆடிய சத்தத்தில் எழுந்தேவிட்டேன். தம்பி நின்றிருந்தான். தோளில் துணிப்பை, கையில் சுருட்டிய பாய்.

"அவங்க வந்து கேட்டா நீ தனியா என்னக்கா சொல்லுவ? நான் இங்கயே இருக்கேன்."