தேவா காட்டிய ராஜாக்கோட்டை

திண்டிவனத்துக்குப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமில் பெயிண்டர் தேவாவைத் தெரியாதவர் கிடையாது. சாரம் கட்டாமலே மூன்றாம் மாடிக்கு வர்ணம் அடிக்கிற மனிதர். வாய் மட்டும் அதைவிட உயரம். பதினாலு வயதில் மன்னாரிலிருந்து அப்பாவோடு படகேறி வந்தவர். அம்மாவோடு அங்கேயே நின்றுவிட்ட தங்கை கவிதா, பிறகு கல்யாணமாகிக் கனடா போய்ச் சேர்ந்தாள்.

கனடாத் தமிழர் வீட்டில் ஒரு வழக்கம். விருந்தாளி வந்தால் சோறு போட்ட கையோடு நயாகரா அருவிக்குக் கூட்டிப்போயாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கவிதா படம் அனுப்புவாள். ஒருநாள் போனில், "உங்கட பக்கம் பாக்க என்ன இருக்கு அண்ணை?" என்றாள். தேவா விடுவாரா? "செஞ்சிக்கோட்டை இருக்கே! எத்தனை தரம் ஏறியிருக்கேன்! உச்சியில மரப்பாலம், கோயில், எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று அளந்துவிட்டார்.

உண்மை என்னவென்றால், முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு படிகூட ஏறியதில்லை. திருவண்ணாமலைப் பக்கம் வேலைக்குப் போகிறபோது பஸ் ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. மரப்பாலமும், விழுப்புரத்து லாட்ஜுக்குப் பெயிண்ட் அடித்தபோது அங்கே தங்கியவர்கள் பேசிக் காதில் விழுந்ததுதான். முதலில் சாயங்காலக் கணக்கெடுப்புக்குள் முகாம் திரும்பும் அவசரம். பிறகு, வாசலில் 'எந்த நாடு?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். சுற்றிப்பார்ப்பதெல்லாம் சொந்த ஊர்க்காரனுக்குத்தான் என்று மனசு எப்போதோ முடிவுகட்டிவிட்டது.

இந்தத் தை மாதம் கவிதா வந்து இறங்கினாள். இரண்டு நாள் கட்டிப்பிடித்து அழுது தீர்த்து, மூன்றாம் நாள், "உன்ர கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றாள். இத்தனை காலம் கழித்து வந்தவளுக்கு இந்த மண்ணில் ஓர் இடத்தையாவது வீட்டுக்காரனாக நின்று காட்ட வேண்டும். அது ஒன்றுதான் தேவாவின் ஆசை. வாசலிலேயே மானம் போனால்?

செஞ்சியில் ஆட்டோ பிடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வலப்பக்கத்து மலைக்கு அழைத்துப்போனார். "இதான் ராஜாக்கோட்டை. மேல போனா மரப்பாலம் வரும்."

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த காவலாளி சிரித்துவிட்டார். "இன்னாங்க நீங்க! இது ராணிக்கோட்டை. ராஜாக்கோட்டை ரோட்டுக்கு அந்தாண்ட. ஜல்தியா போங்க, வெயில் ஏறிக்கினே இருக்குது."

தேவாவின் முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷமும் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பெருமைப்பட்டது தப்பான மலையை!

"அண்ணை, நீ ஒருநாளும் வரேல்லை, என்ன?"

"இல்லம்மா. நம்மளையெல்லாம் உள்ள விடுவாங்களான்னு பயம்."

கவிதா திட்டுவாள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் நயாகராவுக்கு இருபத்திமூண்டு தரம் போயிருக்கிறன். ஒருக்காக்கூட அருவிக்குக் கிட்டக் கொண்டுபோற படகில ஏறேல்லை. வந்த ஆக்களின்ர பையைக் காத்துக்கொண்டு கரையிலயே நிண்டனான். அது விருந்தாளியளுக்கு எண்டு நினைச்சன். நல்ல அண்ணன், நல்ல தங்கச்சி! வா, ஏறுவம்."

ரோட்டைத் தாண்டி, ராஜாக்கோட்டை டிக்கெட் ஜன்னலில் கவிதா கனடா பாஸ்போர்ட்டை நீட்டினாள். தேவா முகாம் அட்டையை நீட்டினார். உள்ளே இருந்தவர் அதைப் பார்த்தார், டிக்கெட்டோடு திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா உள்ள வெச்சிக்கண்ணே. மேல கொரங்கு புடுங்கிக்கினு பூடும்."

அவ்வளவுதான்! இதற்காகவா முப்பத்தைந்து வருஷம் பயந்தோம் என்று தேவாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஏறினார். மூச்சு வாங்கிய தங்கையைக் கைபிடித்து இழுத்தார். மரப்பாலத்தைக் கண்டதும், "அட, நெசமாவே இருக்குதும்மா!" என்று கத்தினார். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே ஏரியும் வயலுமாக ஊர்கள் விரிந்து கிடந்தன.

இறங்குகிறபோது பாதிப் படியில் ஒரு குடும்பம் சோர்ந்து உட்கார்ந்திருந்தது. "அண்ணே, இன்னும் எவ்ளோ தூரம்? பேஜாரா கீது, திரும்பிடலாமா?"

"தோ, வந்துடுச்சு, ஏறுங்க! நம்ம கோட்டைங்க இது, பாதியில வுட்டுட்டுப் போவலாமா?"

சொன்ன பிறகுதான் அந்த 'நம்ம' அவர் காதிலேயே விழுந்தது. இந்த மண்ணில் எதையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. கண் நிறைந்து வழிந்தது. கவிதா அவர் முதுகில் செல்லமாக ஓர் அடி வைத்தாள்.

"அழாதை அண்ணை. ஆக்களுக்கு வழியைக் காட்டு."