ஒப்பிட எடுத்த இரத்தம்

ராதியாவுக்குத் தன் இரத்தத்தின் மேல் தனிக் கர்வம். அவள் வேலை பார்க்கும் ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆய்வகத்தில் நோயாளியின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான இரத்தம் வேண்டுமென்றால், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதலில் நிற்பவள் அவள்தான். பிள்ளை உண்டான பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை.

அன்று ரமலான் இருபத்தாறு. வெளியே அவளுடைய பெரியப்பா மகள் மோன்ஜியா, நான்கு வயது மகன் இயாதோடு உட்கார்ந்திருந்தாள். நோன்பு திறந்ததும் பையனுக்குச் சுன்னத். மேளத்துக்குச் சொல்லியாயிற்று. ஆனால் போன மாதம் உதடு கிழிந்ததற்கே பையனுக்கு இரத்தம் லேசில் நிற்கவில்லை. வழக்கமான பரிசோதனைகள் எல்லாமே சரியென்றே சொல்லிவிட்டன. ராதியாவுக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் கெஞ்சி, அந்த ஆய்வகம் அதுவரை செய்தேயிராத பரிசோதனை ஒன்றுக்கு எழுதி வாங்கியிருந்தாள்.

காயம்பட்டால் தட்டணுக்கள் தம் சவ்வின் உள்பக்கம் இருக்கும் ஒரு கொழுப்பை வெளியே திருப்ப வேண்டும். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் அதில்தான் வந்து ஒட்டும். கொழுப்பு திரும்பாவிட்டால் புரதம் வந்த வழியே போய்விடும், இரத்தமும் நிற்காது. ராதியா இயாதின் தட்டணுக்களையும், ஒப்பிட எடுத்த தன் தட்டணுக்களையும் தூண்டிவிட்டு, அந்தக் கொழுப்பில் ஒட்டி ஒளிரும் புரதத்தைக் கலந்தாள். கருவி ஒவ்வோர் அணுவாக லேசர் முன்னே ஓடவிட்டு ஒளியை அளந்தது.

இயாதின் அணுக்களில் வெளிச்சமே இல்லை. ஆனால் ராதியாவின் அணுக்களிலும் பாதி வெளிச்சம்தான்.

“புரதம் கெட்டுப்போயிருக்கும். உங்களுக்கே பாதிதான் ஒட்டுதுன்னா பையனோடத எப்படி நம்புறது? பரிசோதனை சரியா வரலைன்னு எழுதிடுங்க,” என்றான் கூட வேலை பார்க்கும் லுத்ஃபி.

அப்படி எழுதினால் மோன்ஜியா பையனைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவாள். சாயங்காலம் சுன்னத்தும் நடந்துவிடும்.

“கையை நீட்டுங்க லுத்ஃபி.”

“நோன்பு வெச்சிருக்கேங்க!”

“ரெண்டு சொட்டுல நோன்பு முறியாது. ஊசின்னா பயம்னு நேரா சொல்லுங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான். அவன் கஃப்ஸா ஊர்க்காரன், இவர்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை. அவனுடைய அணுக்கள் திரை முழுக்கப் பளிச்சென்று ஒளிர்ந்தன. அப்படியானால் புரதத்தில் குறையில்லை.

ராதியா வெளியே ஓடினாள். “அக்கா, சுன்னத் வேண்டாம். இவனுக்கு இரத்தம் உறையாது.”

“வயித்துல ஒண்ணு வந்ததும் என் பிள்ளை மேல கண்ணு வைக்கிறியாடி? மேளக்காரன் வீட்டு வாசல்ல நிக்கிறான். மாமனாருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

“என்னைத் திட்டச் சொல்லு. கத்தி மட்டும் படக் கூடாது. டாக்டரம்மா வர்றாங்க, அவங்களையே கேளு.”

டாக்டரம்மா வந்து திரையைப் பார்த்தார். சுன்னத் கூடவே கூடாதென்று சொல்லிவிட்டார். மோன்ஜியா மகனை இறுக்கிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

ராதியா மறுபடி திரை முன் வந்து உட்கார்ந்தாள். லுத்ஃபிக்கு முழு வெளிச்சம், இயாதுக்கு ஒன்றுமில்லை, அவளுக்குப் பாதி. குறை குடும்பத்து இரத்தத்தில் ஓடுகிறது. மோன்ஜியா கட்டியிருப்பதும் சித்தப்பா மகனைத்தான். ராதியா கட்டியிருப்பதும் இன்னொரு சித்தப்பாவின் மகன் ஷாத்லியைத்தான். சொத்து வெளியே போகக்கூடாதென்று பெரியவர்கள் முடித்துவைத்தது. பெற்றவர்கள் இருவருக்கும் பாதியென்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லாமல் போகலாம்.

போனை எடுத்தாள். “ஷாத்லி, உடனே ஆய்வகத்துக்கு வாங்க. இரத்தம் குடுக்கணும்.”

“நோன்பு நேரத்துலயா? யாருக்கு?”

ராதியா வயிற்றில் கை வைத்தாள்.

“நம்ம பிள்ளைக்கு.”