அம்மா எழுதியிருப்பா

சுவிஸில் பேஸ்போல் விளையாடுகிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. மகளால் எனக்குத் தெரிந்தது. பாசல் நகரில் எங்கள் டிராம் கடைசியாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அவளுடைய கழகத்தின் மைதானம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். மற்றத் தாய்மாரோடு நின்று கேக் விற்க என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஆட்டத்தைப் பதிகிற புத்தகத்தைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டாள். பென்சில் கைக்கு வந்தால் பெற்ற பிள்ளை என்றும் பார்க்க மாட்டாள். மகள் பந்தை விட்டால் உடனே E6 என்று எழுதுவாள். E என்றால் பிழை, ஆறு என்பது மகள் நிற்கும் இடம். திரும்பி வரும் டிராமில் இரண்டு பேரும் அதற்காகச் சண்டை பிடிப்பார்கள். நான் எனக்குச் சம்பந்தமில்லாத ஆள் போல வெளியே பார்ப்பேன்.

போன வருடம் ஆட்டப் பருவம் தொடங்கிய புதிதில் மனைவி இறந்துபோனாள். புத்தகம் என்னிடம் வந்தது.

அந்த மாதங்களில் எனக்கு எதுவும் வலிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஒருநாள் கையைச் சுட்டிருக்கிறேன், கொப்புளத்தை மறுநாள்தான் கண்டேன். வீட்டில் நானும் மகளும் சண்டையே இல்லாமல், வெளியாட்கள் போல மரியாதையாக நடந்துகொண்டோம். அது எனக்குப் பயம் தந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வந்த சனிக்கிழமை மகள் மறுபடி விளையாடப் போனாள். அன்று பந்தெறிந்தவள் அவளுடைய சிநேகிதி. செத்தவீட்டு நாட்களில் தினமும் வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மகளின் கட்டிலில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போன சுவிஸ் பிள்ளை. மகள் மூன்று பந்துகளை விட்டாள். மூன்றும் சுலபமானவை. ஐந்து ஓட்டங்கள் போயின. சிநேகிதி கிட்ட வந்து மகளின் கையுறையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பப் போய் எறிந்தாள். நான் புத்தகத்தில் மூன்றையும் எதிரணியின் நல்ல அடி என்று எழுதினேன். தாயில்லாத பிள்ளைக்குப் பிழை எழுத எனக்குக் கை வரவில்லை.

குளிர்காலத்தில், முடிந்த பருவத்தின் பந்தெறிபவர்களை வரிசைப்படுத்தித் தரும்படி கழகம் கேட்டது. முதல் இரண்டு பேருக்குப் பெரிய பயிற்சி முகாமில் இடம். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு, குறைந்தவர் முதலாவது. கூட்டாளி விட்ட பந்தால் வந்த ஓட்டத்தை எறிந்தவர் தலையில் போடக்கூடாது. கிரிக்கெட்டில் இந்தக் கருணை கிடையாது. பிடியை எவன் விட்டாலும் ஓட்டம் எறிந்தவனுக்குத்தான். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். சிநேகிதி மூன்றாவதாக வந்தாள். நான் நல்ல அடி என்று எழுதி அவள் தலையில் போட்ட அந்த ஐந்து ஓட்டங்கள் இல்லாவிட்டால் இரண்டாவது. எனக்கு அது விளங்கியது, ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பட்டியலை அப்படியே அனுப்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் தேத்தண்ணியோடு வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"அவள் எப்பிடி மூண்டாவது?"

அவள் புத்தகத்தைப் புரட்டி அந்தச் சனிக்கிழமையைக் கண்டுபிடித்தாள்.

"அப்பா, இது மூண்டும் நான் விட்டது."

"ஓம் பிள்ளை."

"பிறகேன் இப்பிடி எழுதினீங்கள்?"

"அண்டைக்கு உனக்குப் பிழை எழுத என்னால ஏலாமல் போச்சு."

அவள் இன்னும் முன்னுக்குப் புரட்டினாள். தாயின் எழுத்து வந்தது. ஒரே ஆட்டத்தில் இரண்டு E6, பென்சில் தாளில் பதியும்படி அழுத்தி எழுதியவை.

"அம்மா எண்டால் எழுதியிருப்பா."

"எழுதிப்போட்டு டிராமில உன்னட்ட ஏச்சும் வாங்கியிருப்பா."

"நீங்களும் எழுதுங்கோ," என்றாள். "நான் ஏசுறன்."

அழிறப்பரை எடுத்து வந்து தந்தாள். நான் ஒவ்வொன்றாக அழித்து எழுதினேன். மூன்றாவது E6 எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்தவீட்டிலும் வராத அழுகை. கண் தெரியாமல் கோடு தாண்டி எழுதினேன்.

மகள் சொன்ன சொல் தவறவில்லை.

"அந்தக் கடைசிப் பந்து கஷ்டமானது அப்பா," என்று குரலை உயர்த்தினாள். "அதையும் ஏன் எழுதினீங்கள்?"

"இல்லை," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ அதைப் பிடிச்சிருக்கலாம்."