ஊர் கேட்கும் நேரம்

எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. ஒரு பகல் முழுக்க வீட்டில் இரு என்றால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே செத்துவிடுவேன். "கால்ல சக்கரத்தக் கட்டிவிட்டுப் பெத்திருக்காக" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். நல்லவேளை, தொழிலும் அப்படியே அமைந்தது. மைக் ஆட்டோ ஓட்டுகிறேன். கூரையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், பின்னால் பேட்டரி, கையில் மைக். ஆட்டுக்குத் தடுப்பூசி, கண் முகாம், கரண்ட் நிறுத்தம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கிராம சபை, எதுவானாலும் அருப்புக்கோட்டையில் கிளம்பித் திருச்சுழி வரைக்கும், அதற்கு அந்தப் பக்கமும் போய்க் கத்திவிட்டு வருவேன்.

இப்போது எல்லாரும் குரலைப் பதிந்து பென் டிரைவில் போட்டுச் சுற்றவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஆளில்லாத தெருவில் போய் அலறி என்ன பிரயோசனம்? ஒவ்வொரு ஊருக்கும் காது திறக்கிற நேரம் என்று ஒன்று உண்டு.

நான் குடியிருக்கும் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். நெசவுக்காரர்கள் தெரு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அடுத்த தெருவில் கன்னடம். தறி ஓடும்போது எந்த மொழியில் கத்தினாலும் ஏறாது. கரண்ட் போகணும், இல்லையென்றால் அவர்கள் சாப்பிட உட்காரணும். வீரசோழனில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கடைவீதிக்கு வரும் நேரம்தான் சரி. பாங்கு தொடங்கினால் மைக்கை அணைத்துவிடணும். அணைத்தால் டீ வாங்கித் தருவார்கள். திருச்சுழிக்குக் காலை நேரம். தாலுகா ஆபீஸுக்கு மனுவோடு வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். அங்கே ஒரு தடவை சொன்னால் போதும், சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அவர்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். ஜவுளிப் பூங்கா வரப்போகிற குமாரலிங்கபுரம் பக்கம் எப்போது போனாலும் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். "ஜவுளிப் பூங்காவுக்கு ஆள் எடுக்காகளா?" என்பார்கள். ஆட்டுக்குத் தடுப்பூசி என்றதும், "இதுக்குத்தானா இந்தக் கத்து?" என்று கலைந்துவிடுவார்கள்.

மற்ற கரிசல் ஊர்கள்தான் தொல்லை. ஒரு காலத்தில் அத்தனை பேரும் காட்டுவேலைக்குப் போனவர்கள். வானத்தைப் பார்த்து விதைத்து, வானத்தைப் பார்த்து உட்கார்ந்து, கடைசியில் வெறுத்துப்போய் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிட்டார்கள். விடியும்போதே மில் வேன் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆண்கள் லோடு ஏற்ற, கொத்து வேலைக்கு, கடை வேலைக்கு. பகலில் போனால் தெருவில் நாய் இருக்கும், கண்மாயில் நூறு நாள் வேலைப் பெண்கள் இருப்பார்கள். அவ்வளவுதான்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது டவுனை ஒட்டிய அப்படியொரு ஊரில். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். அக்காவுக்கு மூட்டு போய்விட்டது, மில்லில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்க முடியாது. நூறு நாள் வேலைதான் அவளுக்கு எல்லாம். "மகங்கிட்ட வெத்தலைக்குக்கூடக் கை நீட்ட மாட்டேன்லே" என்று பெருமையாகச் சொல்வாள்.

அந்த ஊரை நகராட்சியோடு சேர்க்கலாமா என்று கேட்கத்தான் சிறப்பு கிராம சபை. ஊராட்சிச் செயலர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், முதல் நாள் பதினோரு மணிக்கு வந்து சொல்லிவிட்டுப் போகணும். கேட்டதும் அக்கா நினைப்புதான் வந்தது. நகராட்சியில் சேர்ந்தால் நூறு நாள் வேலை நின்றுவிடும். பதினோரு மணிக்கு ஊரில் யார் இருப்பார்கள்? வேண்டுமென்றேதான் ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

நினைத்த மாதிரியே தெரு காலி. பூட்டிய கதவுகளுக்கு மரியாதையாக, "பொதுமக்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளுமாறு" என்று சொல்லிக்கொண்டு போனேன். கண்மாய்க் கரையில் மண் சுமந்துகொண்டிருந்த பெண்கள் மட்டும் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். அக்கா காலைத் தாங்கித் தாங்கி ஆட்டோவுக்கு வந்தாள்.

"நாங்க கேட்டுட்டோம், வந்துருவோம். நாங்க மட்டும் வந்து என்ன ஆகும்? ஊரு சனம் பூராம் வரணும்லே. எங்க வயித்துல அடிக்க எவன் ஒத்துக்கிருவான்? மில் வேன் வந்ததுக்கப்பறம் இன்னொருக்கா வந்து சொல்லிட்டுப் போ."

"அதுக்குத் துட்டு தர மாட்டாகக்கா."

"அக்காவுக்காக வாலே."

அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாலையம்பட்டி வரை போனேன், வந்தேன், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன், பாதியிலேயே கீழே ஊற்றினேன். பொழுது சாய்ந்ததும் என் சொந்த டீசலில் மறுபடி போனேன். மில் வேன் வழக்கம்போல மெயின் ரோட்டு விலக்கிலேயே இறக்கிவிட்டிருந்தது. பெண்பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தில் ஊருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தெருத்தெருவாக நின்று தொண்டை கட்டும் வரைக்கும் சொன்னேன். அக்கா மகன்கூட வண்டியைக் கழுவிக்கொண்டே, "கேட்டுருச்சு மாமா, வாரேன்" என்றான். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் பள்ளிக்கூட வளாகத்தில் நிற்க இடமில்லை. அக்கா முன்வரிசையில் தன் ஆட்களோடு உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். செயலர் விவரத்தைப் படித்துவிட்டு, "சேர வேணாம்ங்கிறவுக கையத் தூக்குங்க" என்றார். முன்வரிசை முழுக்கத் தூக்கியது. வளையல் சத்தம்தான் கேட்டது. பின்னால் ஒருவரும் அசையவில்லை.

"சேரலாம்ங்கிறவுக?"

பின்னால் மளமளவென்று கைகள் ஏறின. ஒரு மில் பெண் எழுந்து, "இருட்டுல நடந்து வாரது நாங்கதான். டவுனுன்னா தெருவெளக்கு வரும், பஸ்ஸு உள்ள வரும்" என்றாள். ஒருவர், "பட்டிக்காடுன்னு எம் மகனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்காக" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தாள். சுவர் ஓரமாக நின்ற அவள் மகனின் கையும் மேலே இருந்தது. அம்மா பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. முகம் கறுத்துவிட்டது, ஆனால் கையை இறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு மணியோடு நான் நிறுத்தியிருந்தால் முன்வரிசை மட்டும்தான் வந்திருக்கும். செயலர் பாவம், எல்லா ஊருக்கும் சொல்கிற நேரத்தைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறார். ஊரையே அளந்து வைத்திருப்பதாக நினைத்துத் திரிந்தவன் நான். யார் எப்போது கேட்பார்கள் என்று தெரியும். கேட்டுவிட்டு என்ன சொல்வார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் அக்கா ஆட்டோவுக்கு வந்தாள்.

"அவன நாலு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்று இறங்கினேன்.

சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னத்தக் கேக்கப் போற? அவனுக்கும் கலியாணம் ஆகணும்ல. எத்தன வீட்டுல பாத்துட்டுப் போயிட்டாக."

"நான் சாயந்தரம் வராம இருந்திருக்கணும்க்கா."

"கூப்பிட்டது நாந்தானலே." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஆட்களெல்லாம் போகட்டும் என்று சற்று நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்க தெருவுல தறிக்காரவுக வீட்டுல பாத்திரம் வெளக்க ஆள் தேடுறாகளா? இந்த வேல நிக்கிறதுக்குள்ள கேட்டு வையி." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "கேட்டுட்டு எங்கிட்ட மட்டும் சொல்லு. மைக்குல சொல்லிப்புடாதலே, எம் மகனுக்குப் பொண்ணு கெடைக்காது."