செர்ரிக் கொட்டகையில் உட்கார்ந்தவள்

அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது அவளுடைய அப்பா. படித்ததென்னவோ புள்ளியியல். சின்ன வயதில் கேட்ட ஒரு கேள்விக்காக வந்த பட்டப்பெயர் அது. அம்மாவுக்கு ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை, வாங்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும், நின்றுகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தரையில் மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொள்வார். கணுக்காலில் எலும்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். "வயசாகுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள் பார்க்க வருகிறவர்கள்.

"அப்பாவுக்கு அம்மாவைவிட வயசு கூட. அவர் கால் ஏன் வீங்கலை?" என்று கேட்டாள் மகள்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அப்பா ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "வந்துட்டாங்கய்யா நம்ம வீட்டு வக்கீல்!" எல்லாரும் சிரித்தார்கள். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கல்லூரியின் கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடை விடுமுறையில் அவள் வேறொரு நாட்டுக்குச் செர்ரிப் பழம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். பழக் காலம் தொடங்கினால் அங்கே உள்ளூர் ஆட்கள் போதாது. நாலு திசையிலிருந்தும் மாணவர்களை வரவழைப்பார்கள். பழம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டுப் படிப்புக்கு யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று முடிவு செய்துதான் விமானம் ஏறியிருந்தாள்.

தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. குளிர்ந்த தண்ணீரில் அலசப்பட்டு வரும் பழங்கள் ரப்பர் பெல்ட்டின் மேல் நகரும். பெல்ட்டின் இருபுறமும் பெண்கள் வரிசையாக நின்று, வெடித்தது, பறவை கொத்தியது, காம்பு போனது எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். நல்லது மட்டும் கடைசிவரை போய் டப்பாவில் விழும். சிமெண்டுத் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். தலையில் வலைத்தொப்பி, விரலில் மோதிரம் கூடாது, நகம் வளர்க்கக் கூடாது என்று விதிகளைச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். உட்காரக் கூடாது என்று எங்கும் ஒட்டவில்லை. ஆனாலும் ஒருத்தியும் உட்காரவில்லை. உட்கார ஒன்றும் இல்லை. கொட்டகையின் ஒரே உயரமான நாற்காலி, மேஸ்திரியின் கண்ணாடி அறைக்குள் இருந்தது.

தங்குமிடம் கொட்டகைக்குப் பின்னால். ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். வேலை இருக்கும்வரை கட்டில் உண்டு. வேலை போனால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அவளுடைய மேல்கட்டில்காரியை எல்லாரும் நெட்டை என்று கூப்பிட்டார்கள். பெல்ட்டைச் செய்தவர்கள் அவளை மனதில் வைத்துச் செய்யவில்லை. நாளெல்லாம் குனிந்தே நிற்பாள். மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் வக்கீல் குளித்துவிட்டு அறைக்குள் வந்தபோது நெட்டை தரையில் மல்லாந்து, கால்களைச் சுவரில் ஏற்றிப் படுத்திருந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. அதற்கும் பக்கத்தில் இன்னொருத்தி. எல்லாரும் இருபதை ஒட்டிய பெண்கள்.

வக்கீல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி பேயைப் பார்த்த மாதிரி பார்க்கறே?" என்றாள் நெட்டை.

"உனக்கு வயசாயிடுச்சா?"

"காலையிலேர்ந்து ஷூ மாட்ட முடியலை. இதுல இவ வேற!"

அடுத்த நாள் பெல்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்பே வக்கீல் கண்ணாடி அறைக்குப் போனாள். மேஸ்திரியும் ஒரு காலத்தில் இப்படி விடுமுறை வேலைக்கு வந்த மாணவர்தான். வந்தவர் திரும்பிப் போகவில்லை. அதனால் எல்லாரும் அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்கள்.

"அண்ணா, எங்களுக்கு உட்கார ஏதாவது வேணும்."

"உட்கார்ந்தா தூக்கம் வரும்மா."

"உங்களுக்கு வருதா?"

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரி நாற்காலியில் நெளிந்தார். "இங்க பாரு தங்கச்சி. நான் வந்த காலத்துலயும் இதே பெல்ட்டுதான், இதே தரைதான். நாங்கல்லாம் நிக்கலையா?"

"நின்னீங்க. அதனால யாருக்கு என்ன லாபம்?"

தான் பட்டதை அடுத்தவரும் பட்டால்தான் முறை என்று நினைப்பதற்கு எந்த ஊரிலும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்த நினைப்பை அனுபவம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

"நாற்காலிக்கு ஓனர் சம்மதிக்க மாட்டாரு" என்றார் கடைசியில்.

"நாற்காலியே வேண்டாம். காலிப் பழப்பெட்டியை அடுக்கிப் போட்டுக்கறோம். உயரம் சரியா இருக்கும்."

"பழம் வைக்கிற பெட்டியில உட்காருவியா? நாளைக்கு அதே பெட்டியில பழம் கொட்டணும்."

அது நியாயமான பேச்சு என்று அவளுக்குப் பட்டது. நியாயம் எதிராளியின் வாயிலிருந்து வந்தாலும் நியாயம்தான். "சரிண்ணா, உடைஞ்சதுன்னு ஒதுக்கின பெட்டி பின்னாடி குவிஞ்சு கிடக்கே, அது போதும். இன்னொண்ணும் சொல்றேன். பெல்ட்டுக்கு ஒரு பக்கம் இன்னிக்கு உட்காரட்டும், மறுபக்கம் நிக்கட்டும். நாளைக்கு மாத்திக்கலாம். எந்தப் பக்கம் வேலை நல்லா நடக்குதுன்னு நீங்களே பாருங்க. உட்கார்ந்தா வேலை கெடும்னா நானே பெட்டியைத் தூக்கி வெளியே போடறேன்."

மேஸ்திரிக்கு அவள் தோற்கப்போகிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. ஒப்புக்கொண்டார்.

இரண்டு நாளும் ஒரே கதைதான். காலையில் இரு பக்கமும் சமமாக ஓடின. மதியத்துக்குப் பிறகு நின்றவர்களின் கண்ணிலிருந்து வெடித்த பழங்கள் தப்பின. உட்கார்ந்தவர்கள் பக்கம் தப்பவில்லை. அதோடு அவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பிரித்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வக்கீல் வெற்றிக் களிப்பில் இருந்தாள். மேஸ்திரிக்கும் முகம் நிறையச் சிரிப்பு.

"ஒத்துக்கறேன்மா. எல்லாரும் உட்காருங்க" என்றவர், சுவரிலிருந்த வேகக் குமிழைப் பிடித்து வலப்பக்கம் திருகினார். "உட்கார்ந்தா கூடுதலா வேலை ஓடுதுன்னு நீயே காட்டிட்டே. இனிமே பெல்ட் இந்த வேகத்துலதான் ஓடும்."

அன்றைய காலைப்பொழுது கொடுமையாகப் போனது. பழங்கள் கண்ணுக்கு எட்டும் முன்பே ஓடின. கால் தப்பித்தது. கழுத்தும் தோளும் மாட்டிக்கொண்டன. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தியும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நெட்டைதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"நல்லா வாதாடினே வக்கீலம்மா. கட்சிக்காரங்களுக்குத் தூக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்துட்டே."

வக்கீல் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எங்கே பிசகினோம் என்று ஒவ்வொரு படியாகத் திரும்பப் போய்ப் பார்த்தாள். சோதனையில் பிசகில்லை, கணக்கிலும் பிசகில்லை. கேள்வியே தப்பு.

"நான் கேட்டது தப்புடி" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "உட்கார்ந்தா வேலை நல்லா நடக்கும்னு சொன்னேன். நடக்கலைன்னா? அப்ப நிக்கணும்னு ஆயிடுமில்ல? கால் வலிக்குது, அதனால உட்காரணும். இவ்வளவுதான் சொல்லியிருக்கணும்."

"இதைக் கண்டுபிடிக்கறதுக்கு நீ காலேஜ் வேற போறே" என்றாள் நெட்டை. ஆனால் தன் தட்டைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி, இப்ப என்ன பண்ணலாம்?"

"பழைய வேகத்துல எவ்வளவு பார்ப்போமோ அவ்வளவுதான் பார்க்கணும். மீதி போகட்டும். யாரும் எழுந்திருக்க வேண்டாம், யாரும் கத்த வேண்டாம். அவர் கேட்டா என் பேரைச் சொல்லுங்க. கட்டில் போனா என் கட்டிலோட போகட்டும்."

"உன் கட்டில் போனா மேல்கட்டில் மட்டும் அந்தரத்துலயா நிக்கும்?" என்றாள் நெட்டை.

சாப்பாட்டுக்குப் பின் பெல்ட் ஓடியது. பெண்கள் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து, அவசரப்படாமல், ஒவ்வொரு பழமாகப் பார்த்தார்கள். பார்த்த பழம் நல்ல பழமாகப் போனது. பார்க்க முடியாததை ஓரமாக ஒதுக்கினார்கள். ஒதுக்கியது குவிந்தது, விளிம்பைத் தாண்டியது, பிறகு சடசடவென்று தரையில் கொட்டத் தொடங்கியது. மேஸ்திரி கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து பெல்ட்டை நிறுத்தினார்.

"யார் வேலை இது?"

"என் வேலைதான். பழைய வேகத்துக்கு இறக்குங்கண்ணா."

"சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணிடு."

"பண்றேன். சாயங்காலம்வரைக்கும் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்." அவள் பெட்டியைவிட்டு அசையவில்லை.

மேஸ்திரி மற்றவர்களைப் பார்த்தார். யாராவது எழுந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒருத்தியும் எழவில்லை. பழம் வீணாவது பொறுக்காமல் அவரே குனிந்து, குந்தி உட்கார்ந்து, இரு கையாலும் அள்ளத் தொடங்கினார். குந்தியதில் கால்சட்டை முழங்கால்வரை ஏறியது. உள்ளே, அந்தக் கோடையிலும், தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை. அதன் விளிம்புக்கு மேலே நீல நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன.

வக்கீல் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, உங்களை உட்காரச் சொன்னது யாரு?"

அவர் கால்சட்டையை அவசரமாக இழுத்துவிட்டார். "டாக்டர்தான். ரெண்டு தடவை ஆபரேஷன் ஆச்சு."

"எங்களுக்கும் டாக்டர் சொல்றவரைக்கும் காத்திருக்கணுமா?"

மேஸ்திரி தரையில் கிடந்த செர்ரிகளை இன்னொரு முறை அள்ளினார். எழுந்துபோய்க் கையிலிருந்ததை அலசும் தொட்டியில் போட்டார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குமிழை இடப்பக்கம் திருகினார். பழைய இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"உடைஞ்ச பெட்டி மட்டும்தான். நல்ல பெட்டியில ஒருத்தியும் உட்காரக் கூடாது."

"மாட்டோம்ண்ணா."

"ஓனர் வாரக் கடைசியில வருவாரு. இதையெல்லாம் பார்த்துட்டு என் சட்டையைத்தான் பிடிப்பாரு. நான் என்னன்னு சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்கிட்ட அனுப்பிவிடுங்க."

"அவர் முன்னாடியும் இப்படியே உட்கார்ந்துகிட்டுப் பேசுவியா?"

"ஆமாண்ணா" என்றாள் வக்கீல். "அவருக்கும் ஒரு பெட்டி போட்டு வைக்கறேன். உட்கார்ந்தே பேசிக்கலாம்."