முட்டை நாற்றமும் காலி சீட்டும்

மருந்து கலக்குகிற வேலைக்குக் கை சுத்தமாக இருந்தால் போதாது, மூக்கும் கொஞ்சம் மரத்துப்போயிருக்க வேண்டும். எண்பதுகளில் கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நான் பட்ட பாடு, பாசாரில் மீன் வெட்டுகிறவர்களுக்கும் ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கும் சொல்லாமலே புரியும்.

பக்கத்து சீட்

அசிடைல்சிஸ்டைன் என்று ஒரு மருந்து. புட்டியைத் திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம். ஒரு சொட்டு யூனிஃபார்மில் பட்டுவிட்டால் அன்று முழுக்க நான்தான் அந்த முட்டை. வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு பஸ் ஏறினால், நிற்க இடமில்லாத கூட்டத்திலும் என் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே வரும். வாடகை அறைக்குப் போனாலும் பேச ஆளில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு மறந்துபோகும். ஒருநாள் ஓர் ஆன்டி வந்து உட்கார்ந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் எழுந்துவிட்டார்.

“பையில முட்டை ஒடஞ்சிருக்கு போல, பாரும்மா. நான் நின்னுக்கிறேன் லா.”

ஓரத்துக் கட்டில்

நெஞ்சு வார்டில் ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள் இருந்தார், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் பசை மாதிரி கட்டிய சளி. இந்த மருந்தைப் பனிப்புகை போலாக்கி மாஸ்க் வழியாக மூச்சில் இழுத்தால், சளியின் கட்டு விட்டு நீர்த்துவிடும், இருமித் துப்பிவிடலாம். மற்ற நோயாளிகள் நாற்றம் தாங்காமல் புகார் செய்ய, அவர் கட்டிலை ஓரத்துக்குத் தள்ளினார்கள். இப்படித் தனியாகப் போட்டுவிட்டார்களே என்று நான் வருத்தப்பட்டேன். அவர் மாஸ்க்கை விலக்கிச் சிரித்தார்.

“இந்த மணமில்லாத நாளிலயும் என்னைப் பாக்க ஆரும் வரேல்லை, பிள்ளை.”

ஒரு வாய்

கோமளா, ஒரு ஃபேக்டரியில் வேலை செய்த பெண். வீட்டுச் சண்டையில் பாரசிட்டமாலை அள்ளி விழுங்கிவிட்டாள். இதில் ஒரு மோசம் உண்டு: முதல் நாள் ஒன்றுமே தெரியாது. அந்த மாத்திரை ஈரலில் கொஞ்சம் நஞ்சை உண்டாக்கும். அதை அடக்க ஈரல் ஒரு சரக்கு வைத்திருக்கிறது. மாத்திரை மிஞ்சினால் சரக்கு தீர்ந்து, நஞ்சு ஈரலையே தின்னும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும்போது காலம் கடந்திருக்கும். தீர்ந்த சரக்கை நிரப்புவது என் முட்டை மருந்துதான். நாற்றம் தருகிற கந்தகம்தான் சளியையும் அறுக்கிறது, ஈரலையும் காக்கிறது.

இதையே ஊசியாகப் போடுகிற மருந்து கைவசம் இல்லை. நெஞ்சு வார்டுப் புட்டியையே ஆரஞ்சு ஜூஸில் கலந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று நாள் வாய்வழி கொடுக்கச் சொன்னார் டாக்டர். முதல் டம்ளரை வாந்தி எடுத்தாள். “நல்லாத்தானே இருக்கேன், வீட்டுக்குப் போறேன்” என்று இரண்டாவதைத் தள்ளிவிட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மருந்தகத்தை விட்டு மாடி வார்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “நீங்க குடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள். இல்லை. வேறு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். குடல் வாய்க்கே வந்தது.

“போதும்க்கா, ஒங்க மூஞ்சியப் பாக்கவே பாவமா இருக்கு. குடுங்க, குடிக்கிறேன்.”

மறுபடியும் பஸ்

மூன்று நாளும் குடித்தாள். கண் மஞ்சளாகவில்லை, நடந்தே வீட்டுக்குப் போனாள். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், என் பக்கத்து சீட் வழக்கம்போல் காலி. அன்றும் யூனிஃபார்மில் ஒரு சொட்டு. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள், மூக்கைச் சுருக்கினாள். இவளும் நின்றுகொண்டுதான் வருவாள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இந்த நாத்தம் எனக்குத் தெரியுமேக்கா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

வழியெல்லாம் ஊர்ந்தே போகிற அந்த பஸ், அன்றைக்குப் பார்த்து என்னைச் சீக்கிரமே பிரிக்ஃபீல்ட்ஸில் இறக்கிவிட்டதுதான் இத்தனை வருஷ வேலையில் எனக்குள்ள ஒரே மனக்குறை.